எட்டுக்கு எவ்வளவு?

விருத்தாசலத்தில் செராமிக் பொம்மை செய்பவர்கள் மண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். இறுகியதும் பிரித்தெடுத்து, பிசிறு சீவி, காயவைத்துச் சூளையில் அடுக்குவார்கள். சூளையைத் தாண்டி வந்த பொம்மை, கைதவறி விழாதவரை இருபது கொலுவுக்குத் தாங்கும். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே இந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் செய்துவந்த இன்னொரு சரக்குக்கு அந்த ஆயுள் வாய்க்கவில்லை. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிய புக் கிரிக்கெட் ஸ்கோர், முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு எடைக்குப் போய்விடும்.

மட்டையும் மைதானமும் இல்லாத ஆட்டம் அது. புத்தகத்தைப் பார்க்காமல் பிரிக்க வேண்டும். இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். அச்சிட்ட புத்தகத்தில் இடப்பக்கம் எப்போதும் இரட்டைப்படை என்பதால் 0, 2, 4, 6, 8 என்று ஐந்தே முடிவுகள். பூஜ்யம் வந்தால் அவுட். ஒருவன் இந்தியா, பக்கத்தில் இருப்பவன் ஆஸ்திரேலியா. பதினொரு பெயரும் வரிசையாக இறங்கும். பாடப்புத்தகம் மெலிந்துவிட்டால் கோனார் உரைக்கு மவுசு. ஆட்டம் முடிந்ததும் அதிகபட்ச ஸ்கோரைச் சுற்றி ஒரு கட்டம் கட்டி, பெயரும் தேதியும் எழுதி வைப்பார்கள். அந்தக் கட்டத்தை உடைக்கத்தான் அடுத்த பீரியடின் ஆட்டம்.

அந்தச் சாதனைகளைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. 8 வந்தால் எட்டு ரன் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பிரிப்புக்கு ஒரு அவுட். ஒரு வீரரின் சராசரி 20 ரன். சதம் சுமார் 86 இன்னிங்ஸுக்கு ஒருமுறைதான் வரும். ஆகவே நோட்டில் ஒரு சதம் விழுந்தால் அது ஒரு மாதப் பேச்சு. 443 ரன்னைத் தாண்ட வேண்டுமென்றால்? கிட்டத்தட்ட 29 கோடி இன்னிங்ஸில் ஒன்று.

இந்தக் கணக்கு நேர்மையான புத்தகத்துக்குத்தான் பொருந்தும். ஒரே பக்கத்தை அழுத்தி அழுத்தி விரித்த புத்தகத்துக்கு முதுகில் ஒரு மடிப்பு விழுந்துவிடும். விரலை எங்கே வைத்தாலும் 148-ஆம் பக்கத்திலேயே வந்து திறக்கும். பழகிய கை அதைக் கண்டுபிடித்துவிடும். எதிராளியும் கண்டுபிடிப்பான், "புக்கை மாத்துடா" என்பான். பெரிய ஸ்கோர்கள் பெரும்பாலும் இந்தச் சண்டையில்தான் செத்தன. சாட்சி ஒப்புக்கொள்ளாத ரன் நோட்டில் ஏறாது.

443 என்ற எண்ணுக்கு நிஜ மைதானத்திலும் ஒரு வரலாறு உண்டு. 1948 டிசம்பர், புனே. ரஞ்சிக் கோப்பையில் மகாராஷ்டிரமும் கத்தியவாரும் மோதின. கத்தியவார் 238 ரன்னில் சுருண்டது. கோலாப்பூர்க்காரரான பாவுசாகேப் நிம்பல்கர் இறங்கி, பண்டார்க்கருடன் இரண்டாவது விக்கெட்டுக்கு 455 ரன் சேர்த்தார். 494 நிமிடம் நின்று, 49 பவுண்டரியும் ஒரு சிக்சரும் அடித்தார். மூன்றாம் நாள் இடைவேளையில் மகாராஷ்டிரம் 4 விக்கெட்டுக்கு 826. நிம்பல்கர் ஆட்டமிழக்காமல் 443. 1930-இல் சிட்னியில் பிராட்மன் எடுத்திருந்த 452 தான் அன்றைய உலகச் சாதனை. பத்து ரன் போதும், இரண்டு ஓவர் போதும்.

கத்தியவாரின் கேப்டன் ராஜ்கோட் தாக்கூர் சாகேப். டிக்ளேர் செய்யாவிட்டால் தொடர மாட்டோம் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். இரண்டே ஓவர் கேட்டுப் பார்த்தும் இசையவில்லை. அணி ஆட்டத்தைக் கைவிட்டுக் கிளம்பியது. ஒரு மனிதனின் வாழ்நாள் இன்னிங்ஸ் சாப்பாட்டு நேரத்தில் முடிந்துபோனது. நிம்பல்கர் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. 2012 டிசம்பரில் காலமானார். பிராட்மனின் எண்ணை 1959-இல் ஹனிப் முகமது கராச்சியில் 499 எடுத்து உடைத்தார். 1994-இல் லாரா 501-க்குக் கொண்டுபோனார். முதல்தர ஆட்டத்தில் வேறெந்த இந்தியரும் 443-ஐத் தொடவில்லை. நிறுத்தப்பட்ட ஒரு சாதனை இத்தனை ஆண்டு நிற்பதைப் படிக்கும்போது இன்றும் மனசு பொறுக்கவில்லை.

கூடைப்பந்தில் இதற்கு இணையான எண் 100. 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷி என்ற சாக்லேட் ஊரில் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் எடுத்த புள்ளிகள் அவை. பார்த்தவர்கள் 4,124 பேர். தொலைக்காட்சிப் பதிவு கிடையாது. புள்ளிவிவரம் குறித்துவந்த ஹார்வி பொல்லாக் ஒரு காகிதத்தில் 100 என்று கையால் எழுதிக் கொடுக்க, அதைப் பிடித்தபடி சேம்பர்லின் உட்கார்ந்திருக்கும் படம்தான் உலகுக்குத் தெரிந்த சாட்சி. நோட்டில் கட்டம் கட்டும் பையனும் இதையேதான் செய்தான்.

அமெரிக்காவில் இந்தக் கற்பனை ஆட்டம் கடைச்சரக்காகவே வந்தது. 1961-இல் ஹால் ரிச்மன் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற பேஸ்பால் அட்டை விளையாட்டை விற்கத் தொடங்கினார். பகடை உருட்டி முழு சீசனையும் ஆடி, புள்ளிவிவரம் சேர்ப்பார்கள். நம் பக்கம் ட்ரம்ப் கார்டு வந்தது, பிறகு பிரவுசிங் சென்டரில் இ.ஏ. கிரிக்கெட் 07. அதில் எடுத்த முச்சதங்கள் கணினியை ஃபார்மேட் செய்த அன்றே போயின.

2022 நவம்பர் 21 அன்று, பெங்களூரு சின்னசாமி அரங்கில், நோட்டின் கடைசிப் பக்கத்து எண்கள் நிஜ ஸ்கோர்போர்டில் ஏறின. விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டின் என். ஜெகதீசன் 141 பந்தில் 277. சாய் சுதர்சன் 154. முதல் விக்கெட்டுக்கு 416. அணி 2 விக்கெட்டுக்கு 506. லிஸ்ட் ஏ எனப்படும் ஒருநாள் ஆட்டங்களில் அலிஸ்டர் பிரவுன் 2002-இல் எடுத்த 268 என்ற உலகச் சாதனை இருபது ஆண்டு கழித்து விழுந்தது. அந்த 277 ஜெகதீசனுக்குத் தொடர்ச்சியாக ஐந்தாவது சதம். புக் கிரிக்கெட்டில் எழுதினால், புத்தகத்தை மாற்றச் சொல்லியிருப்பார்கள்.

ரஞ்சி ஏட்டுக்கு ஒரே சட்டம் உண்டு. கோனார் உரைக்கு இல்லை. 8 வந்தால் ஒரு பள்ளியில் எட்டு ரன், அடுத்த பள்ளியில் ஒரு ரன், இன்னொன்றில் நோ பால். ஒரு தெருவின் 130 அடுத்த தெருவில் செல்லாது. அதனால் பதினோராம் வகுப்பில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேரும் பையனிடம், பெயரைக் கேட்டதும் அடுத்து இதைத்தான் கேட்பார்கள்: "உங்க ஸ்கூல்ல எட்டுக்கு எவ்வளவுடா?"