பெயரும் பெயர்ப்பும்

தொலைபேசித் துறை பற்றி எழுதுவோர் ‘முகவரி மாற்றம்’ என்று எழுதிவருவது எரிச்சலூட்டுகிறது. வீடு மாறியவர் ரேஷன் கார்டில் செய்துகொள்வதுதான் முகவரி மாற்றம். அழைப்பு இணையும்போது நடப்பது முகவரிப் பெயர்ப்பு.

மதுரையிலிருந்து கொடைக்கானல் வீடொன்றுக்கு 04542 என்று தொடங்கி அழைக்கிறோம். முதலில் உள்ள சுழி ‘இது வெளியூர்’ என்று சொல்லிவிட்டு உதிர்ந்துவிடும். 4542-ஐ எக்ஸ்சேஞ்ச் தன் அட்டவணையில் தேடி, எந்தத் தடத்தில் அனுப்புவது என்று முடிவு செய்யும். எஞ்சிய ஆறு இலக்கங்கள் மலையேறிச் சேர்ந்ததும், இன்ன ரேக், இன்ன கார்டு, இன்ன போர்ட் என்று அங்குள்ள எக்ஸ்சேஞ்ச் பெயர்த்துக்கொள்ளும். சந்தாதாரர் நாயுடுபுரத்தை விட்டு ஏரிப்பக்கம் குடிபோனாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ள முடிவது இதனால்தான். எண் நிற்கும், அட்டவணையில் ஒரு வரி மட்டும் திருத்தப்படும். பழைய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சில் இந்த வசதி இல்லை. டயலின் துடிப்புக்கேற்ப செலக்டர் மேலேறி, பக்கவாட்டில் திரும்பி, எங்கே நின்றதோ அந்த இடமே எண்.

தொல்காப்பியர் மரபியலில் மொழிபெயர்த்தலை வழிநூல் வகைகளுள் வைத்தார். அகநானூற்று முதற்பாட்டில் பொதினியை, அதாவது நம் பழனியைப் பாடிய மாமூலனார், குறுந்தொகையில் கட்டியின் நாட்டுக்கு அப்பாலுள்ளதை மொழிபெயர் தேயம் என்கிறார். ‘அங்கே பெயர்தல் மாறுதல்தானே’ என்பர் எதிர்த்தரப்பார். மாறுவது மொழி, பொருளன்று. தொலைபேசியிலும் அழைக்கப்படுபவர் ஒருவரே, அவரைச் சுட்டும் இலக்கங்களே பெயர்கின்றன.

   

செல்பேசி இன்னும் வலுவான சான்று. சென்னை எண்ணுடன் ஒருவர் பூம்பாறையில் நிற்கிறார். பத்து இலக்கத்தில் பூம்பாறை எங்கும் இல்லை. அழைப்பு வந்ததும் அவரது நிறுவனத்தின் எச்.எல்.ஆர். பதிவேடு விசாரிக்கப்படும். அவர் இருக்கும் பகுதியின் ஸ்விட்ச் தற்காலிக எண் ஒன்றைத் தரும். அழைப்பு அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்ததும் அது விடுவிக்கப்பட்டு, அடுத்த அழைப்புக்குப் போய்விடும். 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் எண் மாறாமலே நிறுவனம் மாறலாம் என்று ஆனபின், அதற்கும் முன்னதாக ‘இந்த எண் இப்போது யாரிடம்’ என்ற தேடல் வேறு சேர்ந்துகொண்டது. ஆக, நாம் அழுத்துவது ஆளின் பெயர், கம்பிவழி போவது இடம். பெயர் பெயர்ந்தால்தான் மணி அடிக்கும்.

பெயர் என்னும் பெயர்ச்சொல்லும் பெயர் என்னும் வினையும் வெவ்வேறு வேர் என்பாருக்குக் கன்னட ‘ஹெசரு’ பெருந்துணை. சகரமும் யகரமும் இடம் மாறுவது நமக்குப் புதிதா? பசலை பயலையாகவில்லையா, உயிர் உசிராகவில்லையா? ஆளை விட்டுப் பெயர்ந்து, அவர் இல்லாத இடத்திலும் வழங்குவதால்தான் அது பெயர். இரண்டும் ஒரே வேர் என்பதே என் துணிபு.