தூண்டிலும் கிருபையும்

ஐசக் வால்டனின் ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ நூலை மீன்பிடிக் கையேடு என்று நினைத்துத்தான் எடுத்தேன். வெளியான ஆண்டு 1653 என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இங்கிலாந்தில் மன்னர் தலை வெட்டப்பட்டு நாலு வருஷம். வால்டன் நேசித்த ஆங்கிலிக்கன் சபையின் ஜெபப் புத்தகத்துக்கு 1645லேயே தடை. முதல் மனைவியையும் அவர் பெற்ற ஏழு பிள்ளைகளையும் ஏற்கெனவே பறிகொடுத்திருந்தார் மனுஷன். ஆனால் நூலில் புலம்பல் இல்லை. ஆறு, தூண்டில், நன்றி, அவ்வளவுதான். இயேசுவின் சீடர்களில் நாலு பேர் மீனவர்கள் என்று பெருமையோடு நினைவூட்டுகிறார்.

தூண்டில் போடுவது நம்ம வேலை. மீன் கடிப்பது நம்ம கையில் இல்லை. கிருபையும் அப்படித்தானே, சம்பாதித்து வருவதில்லை. ஜெபப் புத்தகம் பறிபோன காலத்தில் ஆற்றங்கரைதான் அவரை விசுவாசத்தில் நிறுத்தியது என்றே எனக்குப் படுகிறது.