குன்றத்தூரைப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து காட்டுவது?

வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகத்திடமிருந்து ஓர் அறிவிப்பு வரும். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து உபரிநீர் திறக்கப்படுகிறது. சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை, அடையாற்றின் இரு கரைகள் ஆகிய இடங்களில் தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பார்கள். தொலைக்காட்சியின் அடிப்பகுதியில் ஓடும் அந்த ஊர்ப்பட்டியல் எழுத்து வரிசையில் இருப்பதில்லை, தாலுகா வரிசையிலும் இருப்பதில்லை. தண்ணீர் இறங்கும் வழியை ஒட்டித்தான் அந்த ஊர்கள் வந்து நிற்கின்றன. குன்றத்தூரில் வளரும் பிள்ளைக்குத் தன் ஊரின் வரலாற்றைச் சொல்லித்தர அந்தப் பட்டியலைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை. ஊரை அறிமுகப்படுத்துவது ஏரியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

இப்போதைய வழக்கம் வேறு. 2021இல் நகராட்சியான இந்த ஊரை ஒன்று சென்னையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லி அறிமுகப்படுத்துகிறார்கள், அல்லது சேக்கிழார் பிறந்த ஊர் என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். முதலாவது அறிமுகத்தில் ஊருக்கென்று எதுவுமே இல்லை. இரண்டாவதில் பெருமை உண்டு. அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சராக இருந்து பெரிய புராணம் பாடியவரை ஊர் கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அவருடைய வரலாறே நம்மைத் தண்ணீருக்குத்தான் அழைத்துப் போகிறது. அவருக்குப் பாலறாவாயர் என்று ஒரு தம்பி. அண்ணன் காவியம் பாடினார். தம்பி சொந்த ஊரில் குளம் வெட்டினார். பாலறாவாயன் குளம் என்ற பேரும் நிலைத்தது. ஒரு குடும்பத்தின் புகழ் காவியத்திலும் குளத்திலுமாகச் சமமாகப் பிரிந்து நின்ற காலம் அது. அண்ணனுக்கு இன்று மணிமண்டபம் இருக்கிறது. தம்பியின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் யார் சொல்லித்தருகிறார்கள்?

குளத்துக்கு இத்தனை மதிப்பு ஏன் என்பதற்குத் தொண்டை நாட்டின் நிலம்தான் பதில். காவிரி போல ஆண்டின் பெரும்பகுதி ஓடும் ஆறு இங்கே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையைப் பிடித்து வைத்தால்தான் நெல் விளையும். ஆகவே பல்லவர் காலம் தொட்டே இங்கே ஏரிதான் ஊரை உண்டாக்கியது. சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் மண்கரை, கரையில் மதகு, நிறைந்தால் வழிய ஒரு கலங்கல், வழிந்தது அடுத்த ஊர் ஏரிக்குப் போகக் கால்வாய். மேல் ஊர் கலங்கலை ஒரு முழம் உயர்த்திக் கட்டினால் கீழ் ஊரில் வழக்கு வந்துவிடும். இந்த ஏற்பாடு தானாக நடந்ததில்லை. இதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 921இல், ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறது. எண்ணூற்றைம்பது ஆண்டு கழித்து, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கிடைத்த செங்கல்பட்டுப் பகுதியில் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். களத்தில் நெல்லை அளக்கும்போதே கோயிலுக்கும் தச்சருக்கும் கணக்கருக்கும் ஒதுக்கியது போல ஏரிக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதை அந்தக் கணக்குகளில் பார்க்கலாம். அந்தப் பங்கு ஊரிலேயே நின்றவரை கரை பலமாக இருந்தது. வருவாய் முழுவதையும் கம்பெனி தன் கைக்கு இழுத்த பிறகு, கரையைப் பார்த்துக்கொள்ள ஊரில் காசில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். ஏரியைக் காட்டிப் பழங்காலத்தைப் புகழ்வது சாதியை மறைப்பதாகாதா? அந்தக் கரைக்கு மண் சுமந்தவருக்கு அந்த நீர் பாய்ந்த நிலத்தில் பங்கு இருந்ததா? பெரும்பாலும் இல்லை. செங்கல்பட்டுச் சீமையில் நிலவுரிமை மிராசுதாரர் கையில் இருந்தது; வேலை பண்ணையாட்களின் தலையில் இருந்தது. 1891இல் அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் டிரமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிசை போட்ட இடம்கூட அவர்களுக்குச் சொந்தமில்லாமல் இருந்ததை விரிவாக எழுதினார். அந்த அறிக்கையின் பயனாகத்தான் 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. ஆகவே இந்த மறுப்பு என் வாதத்தைக் கெடுக்கவில்லை, இன்னும் அவசியமாக்குகிறது. ஏரியிலிருந்து தொடங்கினால் மன்னரோடும் கவிஞரோடும் பாடம் நின்றுவிட முடியாது. நீர் யார் வயலுக்கு முதலில் பாய்ந்தது, யாருக்குப் பாயவே இல்லை என்று பிள்ளை கேட்டே தீரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அஞ்சும் ஆசிரியர் கோயிலோடு நிறுத்திக்கொள்வார். அது பிள்ளைகளுக்குச் செய்யும் குறை.

இன்னொரு மறுப்பு இதைவிட நெருக்கமானது. இன்று குன்றத்தூரில் மனை வாங்கியும் வாடகைக்கும் குடியிருப்பவர்களில் பலர் வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவர்களும் உண்டு. பொங்கலுக்கு ‘ஊருக்குப் போகிறோம்’ என்று மதுரைக்கோ திருவண்ணாமலைக்கோ கிளம்பும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஊர்க் கதை எதற்கு? இதற்குப் பதில் இந்த ஊரிலேயே கல்லாக நிற்கிறது. சோழ நாட்டில் பணியில் இருந்த சேக்கிழார் கும்பகோணத்தை அடுத்த திருநாகேஸ்வரத்துக் கோயிலில் மனம் ஒன்றிப்போய், அதே பெயரில் ஒரு கோயிலைத் தம் ஊரில் எழுப்பினார் என்பது வழிவழிச் செய்தி. வட திருநாகேஸ்வரம் என்று ராகு தோஷ நிவர்த்திக்காக மக்கள் வருவது அங்கேதான். பிழைக்கப் போன ஊரை நேசித்து, அதைப் பிறந்த ஊருக்கும் கொண்டுவந்த ஒருவரின் நினைவுச்சின்னம் அது. இரண்டு ஊரைத் தன் ஊர் என்று சொல்லிக்கொள்ளும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது. அதோடு, வெள்ளம் பூர்விகம் கேட்டு வருவதில்லை. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டபோது, அடையாற்றோரம் வீடு கட்டியிருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெருவின் பழைய நீர்வழி தெரிந்திருந்தது? அது தெரியாமல் போனதற்கு அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. யாரும் சொல்லித்தரவில்லை.

ஏற்கெனவே பாடச்சுமை அதிகம் என்பார்கள். இதற்குத் தனிப் புத்தகம் தேவையில்லை, ஒரு மலை போதும். நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடஸ் எடின்பரோவில் 1892 முதல் ஒரு பழைய கட்டடத்தைப் பார்வைக் கோபுரமாக நடத்தினார். உச்சியில் நின்று சொந்த ஊரைப் பார்த்த பிறகே ஸ்காட்லாந்து, ஐரோப்பா, உலகம் என்று மாடி மாடியாக இறங்க வேண்டும். அதே கெடஸ் தம் நகரக் கண்காட்சியோடு 1915இல் சென்னைக்கும் வந்தார். குன்றத்தூருக்கு அப்படிக் கோபுரம் கட்டும் செலவில்லை. முருகன் கோயில் மலை இருக்கிறது. படியேறி நின்றால் மேற்கே ஏரிக்கரை, தெற்கே அடையாற்றை நோக்கி இறங்கும் தாழ்நிலம், கிழக்கே மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள். ஏரி நிறைந்தால் 24 அடி, 3,645 மில்லியன் கன அடி என்பதை அங்கே வைத்துச் சொல்ல வேண்டும். 5 கண் மதகும் 19 கண் மதகும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று வரைபடத்தில் தேடச் சொல்ல வேண்டும். அந்தத் தண்ணீர் ஒரு காலத்தில் சுற்று வட்டார நெல்லுக்குப் பாய்ந்தது, இன்று குழாய் வழியாகச் சென்னைக்குக் குடிநீராகப் போகிறது, ஆயக்கட்டு நிலம் பெரும்பாலும் மனைப்பிரிவாகிவிட்டது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அப்போது ‘சென்னைக்குப் பக்கத்து ஊர்’ என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, சென்னைதான் தன் ஊர்த் தண்ணீரை நம்பியிருக்கிறது என்ற கணக்கு புரியும். அந்தத் தண்ணீருக்கு ஈடாகத் தன் ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கவும் தோன்றும்.