வழி தவறும் இளையோரும் கூட்டு ஆலோசனையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

தவறிழைத்த சிறுவர்களையும் பெரியவர்களைப் போலவே விசாரித்துச் சிறையில் அடைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் இருந்து வந்தது. இக்கொடுமையை மாற்ற வேண்டுமென லூசி ஃபிளவர், ஜூலியா லாத்ரோப் முதலிய பெண்மணிகள் பாடுபட்டதன் பயனாக, 1899ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் சிறார்களுக்கெனத் தனி நீதிமன்றம் நிறுவப்பட்டது.

எனினும், விடுவிக்கப்பட்ட சிறுவர்களுள் பலர் மீண்டும் அதே நீதிமன்றத்தின் முன் வந்து நின்றனர். இதன் காரணத்தைக் கண்டறிய, எத்தல் டம்மர் அம்மையாரின் பொருளுதவியுடன் 1909இல் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அதன் தலைவராகப் பொறுப்பேற்றவர் டாக்டர் வில்லியம் ஹீலி ஆவார். மருத்துவப் பரிசோதனை, உளவியல் சோதனை, குடும்பச் சூழல் பற்றிய விசாரணை ஆகிய மூன்றும் அங்கு ஒருங்கே நடைபெற்றன. சிறுவன் தன் கதையைத் தானே கூறவும் இடமளிக்கப்பட்டது. 1917இல் ஹீலியும் உளவியலாளர் அகஸ்டா பிரானரும் பாஸ்டன் நகருக்குச் சென்று இப்பணியைத் தொடர்ந்தனர். மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து, ஒவ்வொரு சிறுவனுக்கும் உரிய வழியை வகுக்கும் முறை அங்கு வேரூன்றியது.

ஆனால் 1934இல் வெளிவந்த குளுவெக் தம்பதியரின் ஆய்வு அனைவரையும் திடுக்கிடச் செய்தது. பாஸ்டன் நிலையத்திற்கு அனுப்பப்பட்ட ஆயிரம் சிறுவர்களுள் சுமார் 88 விழுக்காட்டினர் பின்னரும் குற்றம் புரிந்திருந்தனர்! நிலையத்தார் அளித்த பரிந்துரைகள் பல முழுமையாக நிறைவேற்றப்படவில்லை என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது. ஆலோசனை கூறியவர்கள் ஒருபுறமும், அதனைச் செயற்படுத்த வேண்டியவர்கள் மறுபுறமுமாக இருந்தனர். கூடிப் பேசினால் மட்டும் போதாது, கூடிச் செயற்படவும் வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.

நம் நாட்டிலும் இக்கூட்டு முறை சட்டமாகியுள்ளது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, இளைஞர் நீதிக் குழுமத்தில் நடுவர் ஒருவருடன் சமூகப் பணியாளர் இருவர் அமர்கின்றனர். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும்.

ஆயினும், நீதிமன்ற வாசலை எட்டுமுன்பே ஒரு பிள்ளையின் தடுமாற்றத்தைக் காண்பவர்கள் பெற்றோரும் ஆசிரியரும் அண்டை வீட்டாருமே. நம் மஹல்லாவில் ஒரு மாணவன் பள்ளியை விட்டு நின்றாலோ, போதைப் பழக்கத்தில் சிக்கினாலோ, ஆளுக்கொரு அறிவுரை கூறிக் கலைந்துவிடாமல், பெற்றோரும் ஆசிரியரும் மருத்துவரும் மனநல ஆலோசகரும் ஒன்றுகூட வேண்டும். அவனுடைய சொல்லையும் பொறுமையுடன் கேட்டு, யார் எதனைச் செய்வது என முடிவு செய்து, அது நிறைவேறியதா எனப் பின்னர் மறவாமல் பார்ப்பது நம் அனைவரின் கடமையாகும்.