சேவலா, பெடையா?



கோழியைக் காட்டி, இது சேவலா, பெட்டையா என்று கேட்டால் நம் நாட்டுச் சிறு குழந்தையும் விடை கூறிவிடும். தோகையைக் கண்டதும் ஆண்மயில் என்று அறிகிறோம். கழுத்தில் வளையம் அணிந்த பச்சைக்கிளி ஆண். கரிய குயில் ஆண், புள்ளிகள் நிறைந்தது பெண். ஆனால் காகத்தை எவ்வாறு பிரித்தறிவது? மைனாவை எவ்வாறு பிரித்தறிவது?

இக்கேள்வியை முதன்முதலில் என்னிடம் கேட்டவன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். நான் ஆசிரியப் பணி ஏற்ற தொடக்க ஆண்டுகள் அவை. பறவைகளைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. சன்னலில் ஒரு காகம் வந்து அமர்ந்தது. அவன் எழுந்து, "ஐயா, அந்தக் காக்கை ஆணா, பெண்ணா?" என்றான். வகுப்பு நகைத்தது. "பாடத்தில் உள்ளதைக் கேள், உட்கார்" என்று அதட்டினேன். உண்மை யாதெனில், எனக்கு விடை தெரியாது. விடை அறியாத ஆசிரியனுக்கு அதட்டலே கேடயம். அச்சிறுவனின் கேள்வி எத்துணைப் பெரியது என்பதைப் பல்லாண்டுகள் கழித்தே உணர்ந்தேன். அதன் வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

பறவைகளில் ஆணைச் சேவல் என்றும் பெண்ணைப் பெடை என்றும் வழங்குவது நம் பழந்தமிழ் மரபு. விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உரிய ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் தொகுத்துக் கூறுவது தொல்காப்பியத்தின் மரபியல். பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு இறங்கும் முறையை ஆராயும் அறிவியலுக்கும் இன்று மரபியல் என்றே பெயர். பெயர் சூட்டுவது ஒரு மரபியல்; அப்பெயர் எப்பறவைக்கு உரியது என்று கண்டு சொல்வது மற்றொரு மரபியல் எனலாம்.

இக்கேள்விக்கு முதலில் விடை தேடியவர்கள் கோழி வளர்ப்போரே. முட்டைக்காகக் கோழி வளர்ப்பவருக்குப் பெட்டைகளே வேண்டும். பொரித்த அன்றே குஞ்சுகளைப் பிரிக்க முடியாவிட்டால் சேவற்குஞ்சுகளுக்கும் பல வாரம் தீனி செலவாகும். 1920-களில் ஜப்பானிய அறிஞர்களான மசூயி, ஹஷிமோட்டோ ஆகியோர் ஒரு வழி கண்டனர். ஒருநாட் குஞ்சின் எச்சத்துளையை மெல்ல விரித்து, உள்ளே உள்ள மணி போன்ற நுண்ணிய மேட்டைக் கொண்டு ஆண் பெண் அறியும் முறை அது. இதற்கு நெடுநாட் பயிற்சி தேவை. இதனைக் கற்ற கைகள் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளைப் பிரித்தன.

இதற்குச் சற்று முன்னரே மரபியல் அறிஞர்கள் வேறொரு வாயிலைத் திறந்திருந்தனர். வரியுள்ள இறகுடைய பெட்டையையும் வரியற்ற கருஞ்சேவலையும் இணைத்தால், பிறக்கும் ஆண்குஞ்சுகள் தாயைப்போல் வரி பெறுகின்றன. பெண்குஞ்சுகளோ தந்தையைப்போல் வரியற்றிருக்கின்றன. இதன் காரணம் என்ன? உயிரணுவினுள் மரபுச் செய்திகளைத் தாங்கும் இழைகளைக் குரோமோசோம்கள் என்கிறோம். பறவைகளில் ஆணுக்கு இசட் என்னும் குரோமோசோம் இரண்டு உண்டு. பெண்ணுக்கு இசட் ஒன்று, டபிள்யூ என்பது மற்றொன்று. மனிதரில் குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் வித்து. பறவைகளிலோ தாயின் முட்டை. வரியைத் தரும் பண்பு இசட்டில் உள்ளது. தாய் தன் ஒரே இசட்டை மகனுக்கே தருகிறாள். மகளுக்கு டபிள்யூவைத் தருகிறாள். ஆகவே தாயின் வரி மகனுக்கே சேர்கிறது.

கோழிக்கு இவ்வழிகள் போதும். காட்டுப் பறவைக்கு என் செய்வது? கூண்டில் அடைத்த அரிய பறவைக்கு மயக்க மருந்து கொடுத்து, விலாவில் சிறு துளையிட்டு, ஒளி பாய்ச்சும் மெல்லிய குழாயால் உள்ளுறுப்பை நோக்கும் முறை ஒன்று இருந்தது. திறமுடையோர் கையில் அது பயன்பட்டது. எனினும் ஓர் இனத்தில் ஒரே பறவை எஞ்சியிருக்குமானால், அதனைப் பிடித்து அறுக்க யார் துணிவார்?

அத்தகைய நிலை உண்மையாகவே ஏற்பட்டது. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் பாகியா மாநிலத்து வறண்ட காட்டில், நீலநிறக் கிளியினம் ஒன்று வாழ்ந்துவந்தது. 1819-ஆம் ஆண்டில் அங்குச் சென்று அதனைச் சேகரித்த ஜெர்மானிய இயற்கையறிஞர் ஸ்பிக்ஸ் என்பவரின் பெயரால் அது ஸ்பிக்ஸ் மக்கா என்று வழங்குகிறது. ஆற்றோர மரங்கள் அழிந்தன. அழகை விலைபேசியோர் எஞ்சியவற்றையும் பிடித்துச் சென்றனர். 1990-ஆம் ஆண்டு தேடிச்சென்ற ஆய்வுக் குழுவினர் அக்காட்டில் கண்டது ஒரே ஒரு பறவை. துணையின்றி அது வேறோர் இனக் கிளியுடன் சேர்ந்து பறந்துகொண்டிருந்தது.

கூண்டுகளில் அவ்வினத்துப் பறவைகள் சில எஞ்சியிருந்தன. அவற்றுள் ஒன்றைத் துணையாக விடுவது என்று எண்ணினர். ஆனால் எதனை விடுவது, ஆணையா, பெண்ணையா? அவ்வினத்தில் இருபாலும் தோற்றத்தில் ஒன்றே. தவறான துணையை விட்டால் ஓர் அரிய பறவை வீணாகும், காலமும் கைநழுவும். என் மாணவன் கேட்ட அதே கேள்வி, இப்போது ஓர் இனத்தின் வாழ்வையே பற்றி நின்றது!

விடை தந்தது ஓர் இறகு. இறகின் அடிக்காம்பில் உயிரணுக்களின் எச்சம் ஒட்டியிருக்கும். அதில் டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருள் உண்டு. அதன் அமைப்பை 1953-ஆம் ஆண்டு வாட்சனும் கிரிக்கும் வெளிப்படுத்தினர். 1983-ஆம் ஆண்டு கேரி முல்லிஸ் வகுத்த பி.சி.ஆர். என்னும் முறையால், சிறு துணுக்கு டி.என்.ஏ.வையும் கோடிக்கணக்கில் படியெடுத்துப் பெருக்க இயன்றது. பெண்பறவைக்கே உரிய டபிள்யூ குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவைக் கொண்டு பால் அறியும் வழியைக் கிரிஃபித்ஸ் என்னும் ஆய்வாளர் வகுத்தார். 1995-ஆம் ஆண்டு அவரும் பேலா திவாரியும் தம் முடிவை வெளியிட்டனர். காட்டில் தனித்திருந்த அப்பறவை ஆண்!

அவ்வாண்டே பெண்பறவை ஒன்று அக்காட்டில் விடப்பட்டது. இரண்டும் சேர்ந்திருக்கக் கண்டு அன்பர்கள் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில வாரங்களில் பெண்பறவை மறைந்தது. மின்கம்பியில் மோதி மாண்டது என்பது பின்னர்த் தெரிந்தது. ஆண்பறவையும் 2000-ஆம் ஆண்டிற்குப் பின் காணப்படவில்லை. விஞ்ஞானம் கேள்விக்குச் சரியான விடை தந்தது. ஆனால் விடை வந்தபோது காட்டில் எஞ்சியிருந்தது ஓர் உயிரே. கூண்டில் வளர்ந்த வழித்தோன்றல்கள் எட்டினை 2022-ஆம் ஆண்டு மீண்டும் அக்காட்டில் விட்டனர் என்பது ஓர் ஆறுதல்.

இனி, இம்முறையில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. டபிள்யூவை மட்டும் தேடும் சோதனையில், அது காணப்பட்டால் பெண் என்பது உறுதி. காணப்படாவிட்டால்? ஆண் என்றும் கொள்ளலாம். சோதனையே பழுதாயிற்று என்றும் கொள்ளலாம். மௌனத்தைச் சான்றாகக் கொள்வது ஆபத்து அன்றோ? 1998-ஆம் ஆண்டு கிரிஃபித்ஸும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட முறை இவ்வையத்தைப் போக்கிற்று. சி.எச்.டி. என்னும் மரபணு இசட், டபிள்யூ இரண்டிலும் உண்டு. ஆனால் அதன் ஒரு பகுதி இரண்டிலும் வேறு வேறு நீளமுடையது. அப்பகுதியைப் படியெடுத்து நீளவாரியாகப் பிரித்தால், பெண்ணுக்கு இரண்டு கோடுகள், ஆணுக்கு ஒரு கோடு. ஒரு கோடும் தோன்றாவிட்டால் சோதனை தவறிற்று என்று பொருள். நல்ல சோதனை தன் தவற்றைத் தானே ஒப்புக்கொள்ளும்.

இம்முறைக்கு ஒரு துளி இரத்தமும் போதும். நம் செவ்வணுக்களில் உட்கரு இல்லை. பறவையின் செவ்வணுக்களில் உண்டு. ஆதலின் அத்துளியிலேயே டி.என்.ஏ. மிகுதியாகக் கிடைக்கிறது. எனினும் தீக்கோழி, ஈமு போன்றவற்றில் இசட்டும் டபிள்யூவும் பெரிதும் ஒத்திருப்பதால், இச்சோதனை அவற்றுக்குப் பயன்படுவதில்லை. வேறு அடையாளப் பகுதிகளைத் தேடவேண்டும்.

அவ்வாறு தேடியதால் ஒரு பழைய பிழையும் திருந்திற்று. நியூசிலாந்தில் ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் அழிந்த மோவா என்னும் பறக்காத பறவைகளின் எலும்புகளுள் மிகப் பெரியனவும் சிறியனவும் இருந்தன. அவை வெவ்வேறு இனங்கள் என்று அறிஞர் நெடுங்காலம் எழுதிவந்தனர். 2003-ஆம் ஆண்டு எலும்பிலிருந்து பெற்ற டி.என்.ஏ.வை ஆராய்ந்தபோது, பெரியவை பெண்கள், சிறியவை ஆண்கள், இனம் ஒன்றே என்று தெளிந்தது. கணவனையும் மனைவியையும் இரு இனமாக எழுதி வைத்திருந்தோம்!

மாணவர்களே, அன்று வகுப்பில் நான் செய்திருக்க வேண்டியது யாது? "எனக்குத் தெரியாது, நாம் சேர்ந்து தேடுவோம்" என்று கூறியிருக்க வேண்டும். கோடு தோன்றாதபோது தவறினேன் என்று சொல்லும் சோதனைக்கு இருக்கும் நேர்மை, கரும்பலகையின் முன் நின்ற எனக்கு அன்று இல்லை.

அந்த மாணவன் இன்று நடுவயதைக் கடந்திருப்பான். எங்கேனும் இருந்து இதனைக் கேட்பானாயின், காலந்தாழ்ந்த என் விடை இது: தம்பி, காகத்தைக் கண்ணால் நோக்கி ஆண், பெண் சொல்ல இயலாது. அது உதிர்த்த இறகு ஒன்றைப் பத்திரமாக எடுத்து வை. அதனிடம் கேட்கலாம்.