நெல் உமியும் கருவிழியும்

ஜெராய் மலையடிவாரத்து யான் மக்களுக்கு நெல்வயல் புதிதன்று. அறுவடையில் கண்ணில் தெறிக்கும் உமியை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. அந்தச் சிறு கீறலையே தம் வாழ்நாள் ஆய்வாக்கியவர், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கருவிழி மருத்துவர் எம். சீனிவாசன்.

1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அம்மருத்துவமனைக்குச் சுற்றுவட்டார உழவர்கள் பலர் கருவிழிப் புண்ணோடு வந்தனர். 1994இல் மூன்றே மாதங்களில் வந்த 434 பேரைச் சீனிவாசன் குழுவினர் ஆராய்ந்தனர். 284 பேருக்கு முன்பே கண்ணில் காயம் பட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பூஞ்சைக் காளான் மட்டுமே காரணம். பாக்டீரியாவுக்கான மருந்து அதற்குப் பயன்படாது.

பின்னர் டாக்டர் வெங்கடேஷ் பிரஜ்னா முன்னின்று நடத்திய ஆய்விலும் சீனிவாசன் பங்கேற்றார். 323 நோயாளிகளிடம் இரு மருந்துகள் ஒப்பிடப்பட்டன. விலை கூடிய புதிய வோரிகோனசோலைவிடப் பழைய நாட்டாமைசின் சொட்டு மருந்தே சிறந்தது என்ற முடிவு 2013இல் வெளியானது.

காயம்பட்ட உடனே கிராமத்திலேயே மருந்திட்டால் புண் வராமல் தடுக்கலாம் என்பதையும் அவர் குழு காட்டியது. கருவிழியில் விழும் ஆழமான தழும்பு தானாக மறையாது. ஆகவே உமி பட்ட கண்ணைக் கசக்காமல், கைமருந்து இடாமல், அன்றே மருத்துவரிடம் காட்டுவோம். பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.