பற்றுத் தீராத பேரேடு

வழக்கு நடத்தாமல் ஒருவரை விட்டுவிடுவதற்கு அமெரிக்க அரசு வழக்குரைஞர் அலுவலகங்களில் 'டைவர்ஷன்' என்று பெயர். முதல் தடவையாகச் சின்னக் குற்றத்தில் சிக்கியவரை நிபந்தனை போட்டு வெளியே வைத்திருப்பார்கள். நிபந்தனையை முடித்தால் வழக்கைக் கைவிடுவார்கள். மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் 1965இல் வந்தது இதன் ஆரம்ப முயற்சிகளில் ஒன்று. யார் பயிற்சிக்கு வரவில்லை, யார் நஷ்ட ஈட்டுத் தவணை பாக்கி என்பதை இப்போது மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. வழக்குரைஞர் அலுவலகத்துக்கான கணிப்பொறி வாஷிங்டனில் 1970களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அதன் பெயர் 'ப்ராமிஸ்'. வாக்குறுதியாம்!

சிறைக்கு மாற்று என்று வருபவை வலையை அகலமாக்குகின்றன என்று ஸ்டான்லி கோஹன் 1979இல் எழுதினார். முன்பெல்லாம் அதட்டி அனுப்பிவிடக்கூடிய ஆளும் இப்போது கோப்புக்குள் வந்துவிடுகிறார். ஃபூக்கோவைப் படித்த நமக்கு இது ஆச்சரியமில்லை. என் அக்கறை இன்னும் சின்ன விஷயத்தில்: எழுதி வைத்துக்கொண்டு விடுவது விடுவதாகுமா?

செட்டிநாட்டில் கணக்குப் புத்தகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி சட்டென்று பிடிபடும். நகரத்தார் பேரேட்டில் பற்று இருந்தால் வரவு உண்டு. கடன் அடைந்தால் கணக்கு நேராகிவிடும். ஐந்தொகையில் அந்தப் பேர் நிற்காது. வட்டிக்கடையைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் கடனைத் தீர்த்தவனைக் கடன்காரன் என்று அது சொல்வதில்லை. போலீஸ் ஏடு அப்படியல்ல.

எங்கள் பக்கத்துப் பாண்டி நாட்டில் கோர்ட்டுக்குப் போகாமல் தீர்க்கிற வழி பழையது. களவு போனால் காவல்காரன் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். மாடு போனவன் துப்புக்கூலி கொடுத்து மாட்டை மீட்டுக்கொள்வான். இதில் மிரட்டலும் சாதி அதிகாரமும் இருந்தன. பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மாடு வீடு வந்ததும் விவகாரம் முடிந்துவிடும்.

முடியாத ஏடு பிறகு வந்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. 1914இல் மதுரைக்குப் பக்கத்துக் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மேல் பாய்ந்தது. ஜனங்கள் வைத்த பேர் ரேகைச் சட்டம். குற்றமே செய்யாதவனும் ரேகை வைக்க வேண்டும், ஊரைவிட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

அதே காலத்தில்தான் கள்ளர் சீரமைப்பும் தொடங்கியது: பள்ளிக்கூடம், கூட்டுறவு, பஞ்சாயத்து. ஒழுங்காக நடந்தால் ரேகையிலிருந்து விலக்கு. நம் ஊர் 'டைவர்ஷன்' இதுதான் என்பேன். கருணையும் ஏடும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தன. பள்ளிக்கூடம் பலருக்கு உண்மையிலேயே உதவியது. அதைக் கொச்சைப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் கொடுத்த விலக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரம் சர்க்கார் கையிலேயே இருந்தது. ஒரு வேடிக்கை: அந்தக் கொடுஞ்சட்டத்தில்கூட, மாவட்ட மாஜிஸ்திரேட் எழுத்து மூலம் உத்தரவிட்டால் பேரைப் பதிவேட்டிலிருந்து அடிக்க முடியும்.

1947இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை நீக்கியது. மறு வருஷமே வழக்கமான குற்றவாளிகளுக்கென்று தனிச் சட்டம் போட்டது. பரம்பரை போச்சு, ஏடு போகலை.

எதிர்த்திசையிலும் சட்டங்கள் உண்டு. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி எச்சரித்தோ பிணைப்பத்திரம் வாங்கியோ விடப்பட்டவருக்கு, தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு வராது என்கிறது அதன் 12ஆம் பிரிவு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், சிறாரின் பதிவுகளை அழித்துவிடச் சொல்கிறது. கொடிய குற்றங்களுக்கு மட்டும் விலக்கு வைத்திருக்கிறது. அழி என்று சட்டமே சொல்வது எவ்வளவு அபூர்வம்!

ஆனால் காலம் போகிற திசை வேறு. காவல் நிலையங்களைக் கணிப்பொறியால் கோக்கும் திட்டம் 2009இல் ஒப்புதல் பெற்றது. பிறகு நீதிமன்றம், சிறை, அரசு வழக்குரைஞர் அலுவலகம் எல்லாவற்றையும் அதோடு இணைக்கும் வேலை வந்தது. 2022இல் வந்த அடையாளச் சட்டப்படி ரேகை முதலான அளவைகளை 75 வருஷம் வைத்திருக்கலாம். ஒரு மனுஷனின் ஆயுசு அது. வழக்கில்லாமல் விடப்பட்டவர், விடுதலையானவர் பதிவை அழிக்க வேண்டும் என்கிறது சட்டம். வேண்டாம் என்று மாஜிஸ்திரேட்டோ கோர்ட்டோ காரணம் எழுதி உத்தரவிடவும் இடம் வைத்திருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் அமலான புதிய நடைமுறைச் சட்டத்தில், பேரம் பேசிக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் முதல் தடவைக்காரருக்குத் தண்டனையில் சலுகை உண்டு. முதல் தடவைதானா என்று எப்படித் தெரியும்? ஏட்டைப் பார்த்துத்தான். சலுகைக்கே ஏடு தேவைப்படுகிறது. ஏடு பெருகப் பெருக, முதல் தடவைக்காரர்கள் குறைந்துபோவார்கள்.

இது நமக்கு நேரடியாகத் தைக்கிற விஷயம். போஸ்டர் ஒட்டியதற்கும் மறியல் செய்ததற்கும் நம் தோழர்கள் பேரில் கேஸ் உண்டு. அபராதம் கட்டி 'முடித்துவிட்ட' கேஸ் பலது. தமிழ்நாட்டுக் காவல் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கொள்ளலாம் என்று விளக்கம் சேர்த்திருந்தார்கள். 2024 அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதைச் செல்லாதென்ற உச்ச நீதிமன்றம், கைதிப் பதிவேட்டில் உள்ள சாதிப் பத்தியையும் நீக்கச் சொன்னது. அப்போது குற்றப் பரம்பரை என்ற எண்ணத்தின் மிச்சத்தையும் அது தொட்டுப் பேசியது. ரேகை எடுப்பு நின்று முக்கால் நூற்றாண்டுக்கு அப்புறம்.

வழக்கைத் திசைமாற்றும் மென்பொருள் நாளை சிவகங்கை மாவட்ட வழக்குரைஞர் அலுவலகத்துக்கும் வரலாம். வந்தால் எதிர்க்க வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சிறையைவிட நிபந்தனை மேல். நான் அதை எதிர்க்க மாட்டேன். அதன் திரையில் எந்தெந்தப் பத்திகள் இருக்கின்றன என்று எழுதிக் கேட்பேன். பேர், தகப்பன் பேர், குற்றம், நிபந்தனை, முடித்த தேதி எல்லாம் இருக்கும். அழித்த தேதி என்று ஒரு பத்தி வேண்டும், அழித்த அதிகாரியின் கையெழுத்தோடு. காவல் நிலையத்துக்குப் போன நகலும் அன்றைக்கே அழிந்ததா என்பதற்கு இன்னொரு பத்தி.